நானூறு பேரும் நூறு பேரும்

சித்திரை வருடப்பிறப்புக்கு யாழ்ப்பாணம் போகிற பஸ்களில் சீட் புக் பண்ணும் இணையத்தளம் ஒன்றுக்கு லோட் டெஸ்ட் செய்தேன், அதாவது ஒரே நேரத்தில் பலர் வந்தால் தளம் தாங்குமா என்று பார்த்தேன். டெஸ்டில் நன்றாகத் தேறிய தளம், புக்கிங் தொடங்கிய இரவே படுத்துவிட்டது. அடுத்த நாள் காலை வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டு மாமி, முழங்கால் வலியோடு பஸ் கந்தோர் வாசலில் வரிசையில் நின்றார். அந்தக் காட்சி இன்றும் மனதை உறுத்துகிறது.

எங்களுக்குக் கிடைத்த தகவல் ஒரே ஒரு வரி: நூற்றுக்கு 80 பேர் பஸ் நேரம் தேடுவார்கள், 20 பேர் புக் செய்வார்கள். என்னிடம் 500 வேர்ச்சுவல் யூசர்கள், அதாவது ஆட்களைப் போல நடிக்கும் புரோகிராம்கள். 400 பேரைத் தேடலுக்கும் 100 பேரை புக்கிங்குக்கும் விட்டேன்.

பிழையைக் கண்டுபிடித்தவர் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி. "அக்கா, நிமிஷத்துக்கு 1200 தேடல் இருக்கு. புக்கிங் 30தானே நடந்திருக்கு?" என்றார்.

தேடுகிறவர் 20 செக்கனில் முடித்து மறுபடி தொடங்குவார். புக் செய்கிறவர் சீட்டைத் தெரிவு செய்து, பெயர் அடித்து, கார்டு இலக்கம் கொடுத்து, ஓடிபிக்குக் காத்திருந்து முடிக்க 200 செக்கன். அவர் ஒரு புக்கிங் முடிப்பதற்குள் மற்றவர் பத்துத் தடவை தேடிவிடுகிறார். நான் 20 வீதம் என்று நம்பியது இரண்டரை வீதம்கூட இல்லை.

காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். புறக்கோட்டையில் ஏறி பாணந்துறை வரை போகிறவர், எந்த இடத்தில் தலை எண்ணினாலும் அகப்படுவார். கொள்ளுப்பிட்டியில் ஏறி பம்பலப்பிட்டியில் இறங்குகிறவர் ஒரு தடவை அகப்பட்டால் உண்டு. உள்ளே இருக்கும் தொகை என்பது ஏறும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கி வருவது. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இதுதான். பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன், வேலையில் எடுத்துப் பார்க்கவில்லை.

சரி, எங்களுக்குத் தந்த 80உம் 20உம் ஏறும் வேகத்தின் பங்குகள், உள்ளே இருக்கும் தலைகள் அல்ல. அதனால் 80ஐத் தேடலின் 20 செக்கனாலும் 20ஐ புக்கிங்கின் 200 செக்கனாலும் பெருக்கினோம்: 1600, 4000. அந்த விகிதத்தில் பிரித்தால் தேடலுக்கு 143 பேர், புக்கிங்குக்கு 357 பேர். அப்படியே தலைகீழ்!

இந்தப் பிரிப்பில் நிமிஷத்துக்கு மொத்தம் 1230ஆக இருந்த வேலை 536ஆகக் குறையும். லோட் பாதியாகிவிட்டது என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் புக்கிங் 30இலிருந்து 107க்கு ஏற வேண்டும். டெஸ்டை மறுபடி ஓட்டியபோது, அந்த அளவைத் தொடுவதற்கு முன்னரே டேட்டாபேஸ் திணறியது. தேடலில் பெரும்பகுதி, முன்பே எடுத்து வைத்த பதில்கள் இருக்கும் கேஷிலிருந்தே போய்விடும். புக்கிங்கில், ஒருவர் தெரிவு செய்த சீட்டின் பதிவு, வேறு யாரும் தொட முடியாமல், பணம் கட்டி முடியும் வரை பூட்டியே கிடந்தது. தளத்தை எழுதியவர்கள், சீட்டைத் தற்காலிகமாகப் பிடித்ததாகக் குறித்துவிட்டுப் பூட்டை உடனே விடும்படி மாற்றினார்கள்.

லோட் டெஸ்ட் செய்யும் டூல்களான லோகஸ்ட், ஜேமீட்டர் ஆகியவற்றிலும் ஆட்களா தடவைகளா என்ற இந்த மயக்கம் உண்டு. லோகஸ்டில் யூசர் கிளாஸுக்கு (ஆள் வகைக்கு) கொடுக்கும் வெயிட் ஆட்களைப் பிரிக்கும், டாஸ்குக்கு (வேலைக்கு) கொடுக்கும் வெயிட் எந்த வேலையை எத்தனை தடவை எடுப்பது என்பதைப் பிரிக்கும். சொல் ஒன்றுதான். ஜேமீட்டரில் தனித்தனி த்ரெட் குரூப் (ஆட்கள் குழு) வைத்தால் ஆட்கள் பிரிவார்கள், ஒரே குரூப்பில் த்ரூபுட் கன்ட்ரோலர் வைத்தால் தடவைகள் பிரியும்.

இப்போது யாராவது "20 வீதம்" என்றால், எதில் 20 என்று கேட்கிறேன். பதில் வராவிட்டால், தளத்துக்கு வந்த கோரிக்கைகளின் பதிவேடான ஆக்சஸ் லொக்கை வாங்கி, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை புக்கிங் முடிந்தது என்று நானே எண்ணுவேன்.

அடுத்த சித்திரைக்கு டெஸ்டை எழுதியவர் தம்பி. புக்கிங் தொடங்கிய இரவு மாமியின் பக்கத்தில் இருந்து அவருடைய போனிலேயே டிக்கெட் போட்டோம். கண்ணாடியைத் தேடி எடுத்து, ஓடிபியை வாசித்து அடிக்க அவருக்கு 40 செக்கன் எடுத்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.