புலத்தைத் திருப்பிப் போடும்மா

ஊட்டியில் நம்மோடு இயற்பியல் படித்த யாருக்கும் ஹால் விளைவு பிராக்டிகல் மறந்திருக்காது. மின்காந்தத்தின் நடுவே சின்ன ஜெர்மானியத் துண்டு, பக்கத்தில் மில்லிவோல்ட் மீட்டர். நீளவாக்கில் மின்னோட்டம் விட்டு, குறுக்கே காந்தப்புலம் வைத்தால் பக்கவாட்டில் ஒரு மின்னழுத்தம் எழும்; அதுதான் ஹால் மின்னழுத்தம். ஜூன் மழை ஜன்னலில் அடிக்கும், விரல் விறைத்திருக்கும். சார் விடமாட்டார். "புலத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு ரீடிங் எடும்மா" என்பார். மின்னழுத்தம் அளக்கும் கம்பிகள் நேருக்கு நேர் அமையாததால் வரும் பொய் மின்னழுத்தம் புலம் திரும்பினாலும் மாறாது. ஹால் மின்னழுத்தம் மட்டும் குறி மாறும். கழித்துப் பாதியாக்கினால் அசல் எண் வந்துவிடும்.

அப்புறம் ஐரோப்பாவில் ஒரு குளிர்நிலை ஆய்வகத்தில் என் கைக்கு வந்தது பெக்கார்ட் உப்பு. டென்மார்க் வேதியியலாளர் கிளவுஸ் பெக்கார்டின் பெயர் கொண்ட கரிமப் படிகம். தட்டையான மூலக்கூறுகள் உள்ளே அடுக்கி வைத்த தோசை மாதிரி இருக்கும். எலக்ட்ரான்கள் அடுக்கின் வழியே தாராளமாக ஓடும். பக்கத்து அடுக்குக்குத் தாவத் தயங்கும். நான் அளந்த வகையை 12 கெல்வினுக்குக் (சுமார் மைனஸ் 261 டிகிரி செல்சியஸ்) கீழே குளிர்வித்தால் எலக்ட்ரான்களின் தற்சுழற்சி (ஸ்பின், ஒவ்வொரு எலக்ட்ரானையும் குட்டிக் காந்தமாக்கும் பண்பு) மேலும் கீழுமாக ஒழுங்குபட்டு, மின்கடத்தல் நின்றுபோகும். இதுதான் தற்சுழற்சி அடர்த்தி அலை. சுமார் 10,000 வளிமண்டல அழுத்தம் கொடுத்தால் அலை மறையும். 1 கெல்வின் அருகே படிகம் மீக்கடத்தியாகும், அதாவது மின்தடையே இல்லாமல் கடத்தும். சில டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) புலம் வைத்தால் மீக்கடத்தல் போய், மறைந்த அலை திரும்பி வரும்!

1980-ல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளவுஸ் ஃபான் கிளிட்சிங் குவாண்டம் ஹால் விளைவை, அதாவது ஹால் மின்தடை (ஹால் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தது) சீராக ஏறாமல் படிப்படியாகத் தாவுவதைக் கண்டது, எலக்ட்ரான்கள் ஒரே மெல்லிய படலத்தில் அடைபட்ட சிலிக்கன் சாதனத்தில். பெக்கார்ட் உப்பு போன்ற முழுப் படிகத்தில் அது எப்படி வரும்? இங்கே புலம் கூடக்கூட அலை தன் நீளத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. கீழ் ஆற்றல் நிலைகள் சரியாக நிரம்பி, மேலே இடைவெளி விழும்படி அது அமைகிறது. அதனால் ஹால் மின்தடை சமதளமாக நின்று, அடுத்த படிக்குத் தாவுகிறது. மூலக்கூறு அடுக்குகள் பக்கம் பக்கமாக நிற்கும் ஒரு தளத்துக்குக் கணக்கிட்டால் 12,906 ஓமை 1, 2, 3 என முழு எண்களால் வகுத்த மதிப்புகள். 1989-ல் இதை அளந்து காட்டினார்கள். எலக்ட்ரான்கள் சேர்ந்து இப்படி இடம் பார்த்து உட்காருவதைவிட அழகான இயற்பியல் எனக்குத் தெரியாது.

இவ்வளவு சிறிய படிகத்தில் கம்பிகளை நேருக்கு நேர் ஒட்டவே முடியாது. நீளவாக்கு மின்தடை ஹால் அளவில் கலந்து படிகளையே கலைத்துவிடும். அங்கேயும் வழி ஒன்றுதான்: புலத்தைத் திருப்பி மறுபடி அளப்பது. அங்கிருந்த மாணவர்களுக்கும் சார் சொன்னதையே சொன்னேன்.

நம் பழைய மாணவர் சங்கம் ஊட்டி ஆய்வகத்துக்கு ஏதாவது வாங்கித் தருவதாக இருந்தால், திசைமாற்றும் சுவிட்சோடு நல்ல மின்காந்தம் ஒன்று வாங்குவோம். என் பங்கை அனுப்பிவிடுகிறேன்.