குழம்பில் பார்த்த மீன்களை உயிரோடு பார்த்த கதை

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள் நான். 41 வயதுவரை எனக்கு நீச்சல் தெரியாது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்களிடம் சொன்னால், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். மாலையில் காற்று வாங்கவும், காலையில் மீனாக வீடு வந்து சேரவும் ஏற்பட்டது கடல். அதில் இறங்குவது ஆண்களின் பாடு.

அப்பா மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலம் நடக்கும் இடத்துக்கு என்னையும் கூட்டிப்போவார். செவுளைத் தூக்கிப் பார், ரத்தச் சிவப்பாக இருக்கிறதா. கண்ணைப் பார், குழி விழுந்திருக்கிறதா. விரலால் அழுத்து, பள்ளம் எழும்பி வருகிறதா. மீனைப் பற்றி நான் படித்த படிப்பு இவ்வளவுதான். பிறகு அவரைப்போலவே கணக்கு எழுதும் வேலைக்கு வந்து, சிங்கப்பூரில் குடியேறி, அடுக்குமாடிக் குளத்தில் ஆறு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று நீந்தக் கற்றேன். அதிலிருந்து, காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக் கடலுக்குள் முங்கும் ஸ்கூபாவுக்குப் போனது என் வீட்டாருக்கு இன்றும் புரியாத சங்கதி. எனக்கும் முழுதாகப் புரிந்துவிடவில்லை.

போன அக்டோபரில் பாலித் தீவுக்குப் போனேன். கோயில் பார்க்கவில்லை, நெல் வயல் அடுக்குகளில் நின்று படம் எடுக்கவில்லை. விமான நிலையத்திலிருந்து நேரே வடகிழக்குக் கரைக்கு மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்து துலாம்பென் என்ற ஊரில் இறங்கினேன். ஒரு பக்கம் ஆகுங் எரிமலை, மறுபக்கம் கடல், நடுவே ஒரு சாலை. மணலை எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்துபோவார்கள். கரை முழுவதும் தேங்காய் அளவு கருங்கற்கள், மலை கக்கியவை. அலை பின்வாங்கும்போது அவை ஒன்றோடொன்று உரசி எழுப்பும் சத்தம், மூட்டையிலிருந்து புளியங்கொட்டையைக் கொட்டுவது மாதிரி இருக்கும்.

அந்தக் கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் 'லிபர்ட்டி' கிடக்கிறது. படகு வேண்டாம். நடந்துபோய் முங்கினால் கப்பல்.

கப்பலின் பெயர் பலரைக் குழப்புகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அவசர அவசரமாகக் கட்டித் தள்ளிய சரக்குக் கப்பல்களுக்கு லிபர்ட்டி கப்பல்கள் என்று பெயர். இது அந்த வகை அல்ல. அவற்றில் முதலாவது 1941இல்தான் நீரில் இறங்கியது. இதுவோ 1918இல் நியூ ஜெர்சியில் கட்டப்பட்ட கிழவி. பீரங்கி பொருத்தியிருந்தார்களே தவிர, சுமந்தது சரக்கைத்தான். 1942 ஜனவரி 11 அன்று ரப்பரும் ரயில் உதிரிப் பாகங்களும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குப் போகும் வழியில், லோம்பாக் நீரிணை அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றின் டார்பிடோ தாக்கியது. ஓர் அமெரிக்க நாசகாரிப் போர்க்கப்பலும் ஒரு டச்சு நாசகாரியும் வடகரையிலுள்ள சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துச்செல்லப் பார்த்தன. உள்ளே ஏறிய தண்ணீர் விடவில்லை. வழியில் துலாம்பென் கரையில் கொண்டுபோய்த் தரைதட்ட விட்டார்கள், சரக்கையாவது மீட்கலாம் என்று.

ஆக, கப்பல் அன்று மூழ்கவில்லை. 21 ஆண்டுகள் கரையிலேயே கிடந்தது. 1963இல் ஆகுங் வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்தக் குமுறலில்தான் கப்பல் சரிந்து கடலுக்குள் போனது. சண்டையால் முடியாததை மலை முடித்துவைத்தது. வழிகாட்டி நூல்களில் டார்பிடோவுக்கு ஒரு பத்தி, எரிமலைக்கு ஒரு வரி. வெளியூர்க் கப்பலைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு உள்ளூர்ச் சாவு ஒரு வரிதான் போலிருக்கிறது.

என் வழிகாட்டிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என்னைக் 'காக்' என்று கூப்பிட்டான். அவர்கள் மொழியில் அக்காவைச் சுருக்கி அப்படி அழைப்பார்கள். நான்கு நாளும் யாரோ என்னைக் காகம் என்று விளிப்பதாகவே காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கரைக்கு வரச் சொன்னான். சிலிண்டரை யார் தூக்கிவருவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. தென்னைகளுக்கு நடுவேயிருந்து ஒரு பெண்மணி வந்தார். அறுபது வயதாவது இருக்கும். சும்மாடு மாதிரி சுருட்டிய துணி, அதன்மேல் என் சிலிண்டர், காற்றடைக்கும் சட்டையும் குழாய்களும் அதிலேயே தொங்க, கையால் பிடிக்காமல் அந்த உருண்டைக் கற்களின்மேல் ரப்பர்ச் செருப்போடு நடந்து வந்தார். வெறும் சிலிண்டரே 15 கிலோவுக்குக் குறையாது. அதில் அடைத்த காற்று மட்டும் இரண்டரைக் கிலோ தேறும்; காற்றுக்கும் எடை உண்டு என்பது பயிற்சி வகுப்பில்தான் எனக்கு உறைத்தது. அவருக்குப் பின்னால், என் துடுப்புக் காலணியையும் மாஸ்க்கையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு முறை தடுக்கி, ஒரு முறை உட்கார்ந்தேவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்காமல் இருந்ததற்கு நன்றி.

மறுமுறை நானே தூக்கிக்கொள்கிறேன் என்று வழிகாட்டியிடம் சொன்னேன். பெரிய மனது காட்டுவதாக எனக்கு நினைப்பு. அவன் தலையை ஆட்டினான். "வேண்டாம் காக். ஒரு சிலிண்டருக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கூலி. நீங்கள் தூக்கினால் அது போய்விடும்." கணக்குப் பார்த்துப் பிழைக்கிறவளுக்கு அதை இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மாஸ்க்கில் எச்சில் தேய்த்துக் கழுவி மாட்டிக்கொண்டு, இரண்டு அலைகளுக்கு இடையில் ஓடிப்போய் இடுப்பளவு நீரில் விழுந்தோம். அதற்கப்புறம் உடம்புக்கு எடையில்லை. கல்லும் இல்லை, முட்டியும் இல்லை. 28 டிகிரி தண்ணீர், ஆறவைத்த வெந்நீர் போல. மூன்று மீட்டரிலேயே காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதினேன். வலது காது திறந்தது, இடது காது மறுத்தது. இரண்டடி மேலே ஏறி மறுபடி ஊதியதும் 'கிளுக்' என்றது. இதில் வீம்பு கூடாது. காதின் சவ்வு கிழிந்துவிடும்.

கருமணல் சரிவில் கீழே போகப்போக, முன்னால் நீலம் மட்டும் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்தது. மேகம் மறைக்கிறது என்று நினைத்தேன். அது கப்பலின் பின்புறம். சுக்கானும், அதற்கு மேலே கவிழ்ந்த தளமும், பவளமும் கடற்பஞ்சும் விசிறிகளும் மூடிய சுவரும் மெல்ல மெல்லத் திரண்டு வந்தன. 120 மீட்டர் நீளம், ஒருக்களித்துப் படுத்திருக்கிறது, கரைக்கு இணையாக. மேல்விளிம்பு ஐந்து மீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது; அடிப்பக்கம் முப்பதைத் தொடுகிறது. இரும்பு என்று சொல்ல இரும்பைத் தேட வேண்டும். எல்லாமே நீலச் சாம்பலாகத் தெரிந்தது, வழிகாட்டி டார்ச்சை அடிக்கும்வரை. சிவப்பை முதலில் விழுங்கிவிடும் கடல். வெளிச்சம் விழுந்த வட்டத்தில் மட்டும் குங்குமமும் மஞ்சளும் குபீரென்று எழுந்தன.

பிறகு மீன்கள். இங்கேதான் நான் கோட்டைவிட்டேன், அல்லது பிடித்தேன். கூட வந்த இரண்டு ஐரோப்பியர்கள் பிளாஸ்டிக் அட்டையில் படம் பார்த்து அடையாளம் கண்டுகொண்டிருந்தார்கள். எனக்கு அட்டை தேவைப்படவில்லை. அந்தரத்தில் ஊளி ஒன்று அசையாமல் நின்றது. எங்கள் வீட்டில் அது வறுவல். இரும்பு விட்டங்களுக்குக் கீழே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது களவா. புளிக்குழம்பு, தலையைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். ஓட்டையிலிருந்து தலையை நீட்டி அஞ்சாலை முறைத்தது. அதை யாரும் வாங்கமாட்டார்கள், அப்பா காலால் தள்ளிவிடுவார். அதன் வாய்க்குள் சின்னஞ்சிறு இறால் ஒன்று பல் சுத்தம் செய்துகொண்டிருந்தது. ஏலத்தில் இதெல்லாம் தெரியாது.

சரக்கறை இருந்த இடத்தில் கூரையே இல்லை. அங்கே பாறை மீன்கள், நூற்றுக்கணக்கில், தூண்போலச் சுழன்றுகொண்டிருந்தன. பாறையை எனக்குப் பக்கவாட்டில்தான் தெரியும்; ஐஸ் பெட்டியில் அடுக்கிவைத்த நிலையில், வாய் பிளந்து. எதிரே வரும் பாறைக்கு ஒரு முகம் இருக்கிறது, அந்த முகத்துக்கு ஒரு கண் அல்ல இரண்டு கண் இருக்கிறது, இரண்டும் என்னைப் பார்க்கின்றன. வழக்கம்போலக் கண் குழி விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். தண்ணீருக்கடியில் சிரித்தால் மாஸ்க்குக்குள் நீர் ஏறும், ஏறியது. மூக்கால் ஊதி வெளியேற்றினேன்.

இவ்வளவு சிரிப்புக்கும் விலை காற்று. 200 பார் அழுத்தத்தில் சிலிண்டர் என்பது எனக்கு வைப்புத்தொகை. மேலே ஒரு மூச்சு என்பது இருபது மீட்டரில் மூன்று மூச்சுச் செலவு, முப்பதில் நான்கு. ஆழம் கூடக் கூட விலைவாசி ஏறும் ஊர். 22 மீட்டரில் பாதி செலவாகிவிட்டதைப் பார்த்து விரலால் காட்டினேன். வழிகாட்டி பதறவில்லை, மேல்விளிம்பை ஒட்டித் திரும்பக் கூட்டிவந்தான்.

அப்போதுதான் அவை வந்தன. நெற்றி புடைத்த, பச்சை மாடுகள் போன்ற பெரிய கிளிமீன்கள், பத்துப் பன்னிரண்டு. நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொன்றும் என் மார்பளவாவது இருக்கும். இரவில் கப்பலுக்குள் உறங்கிவிட்டு விடிந்ததும் மேய்ச்சலுக்குக் கிளம்புமாம். ஆறு மணிக்கு என்னை எழுப்பியதன் காரணம் இதுதான். பவளத்தைக் கடித்தன. கடக், கடக். தண்ணீரில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. என் தலைக்குள்ளேயே யாரோ முறுக்கைக் கடிப்பதுபோல இருந்தது. பின்னால் வெண்பொடியாகக் கழித்துக்கொண்டே போயின. வெப்பமண்டலக் கரைகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு இந்த வகையறாவின் கழிவுதான். தேனிலவுக்குப் போகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் கொடுத்துவிட்டு, கரையேறினோம். எடை திரும்ப வந்தது. கற்கள் திரும்ப வந்தன. முழங்காலில் தவழ்ந்துதான் ஏறினேன் என்பதை எழுதாமல் விடலாம், எழுதிவிட்டேன்.

அந்த அம்மா காலியான சிலிண்டருக்காகக் காத்திருந்தார். சிங்கப்பூரில் பொறுக்கிய மலாய் ஓரளவு கைகொடுத்தது. "இபு, நீங்கள் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா, கப்பலை?" என்று கேட்டேன். இபு என்றால் அம்மா.

இல்லை என்று கையசைத்தார். நீச்சல் தெரியாதாம். பிறந்தது இந்த ஊரில்தான்.

எனக்குச் சட்டென்று என்ன சொல்வதென்று தெரியவில்லை. 41 வயதில் கற்றுக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது அறிவுரைபோல ஆகிவிடும். அதற்குள் அவரே கேட்டார், என்ன பார்த்தாய் என்று. கிளிமீன் என்பதற்கு மலாய் தெரியாமல், நெற்றியில் கையை முட்டியாக வைத்து, பல்லைக் காட்டி, இரண்டு கையையும் முடிந்தமட்டும் விரித்துக் காண்பித்தேன். அவர் சும்மாட்டைச் சரிசெய்தபடி உன்னிப்பாகப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உங்கள் ஊரில் அதை எப்படிச் சமைப்பார்கள்?"

ஈர உடையோடு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து, வருகிற மலாயில், புளி கரைப்பதிலிருந்து தொடங்கினேன்.