ஆச்சிக்கு வந்த நோட்டீஸ்

ஜூன் 9, 2025, திங்கள்

எதிர்வீட்டு ஆச்சிக்கு ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ். அவர்கள் வீட்டுக்காரர் அரசு ஆபீஸில் கேஷியர், போன வருஷம் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அவர் காலத்துக் கணக்கில் 2,86,400 ரூபாய் குறைகிறது என்று இப்போது தணிக்கையில் எழுதியிருக்கிறார்கள், வாரிசு என்ற முறையில் ஆச்சி 15 நாளில் கட்ட வேண்டுமாம், இல்லையென்றால் ஜப்தியாம். வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்கள். "அவுக கணக்கு எனக்கு என்ன தெரியும் தம்பி? பதில் சொல்ல அவுக இருக்காகளா?"

பங்காளிகள் அதற்குள் வீட்டை விற்றுக் கட்டிவிடச் சொல்கிறார்கள். கோபமாக வருகிறது.

ஜூன் 11

காரைக்குடியில் வக்கீலைப் பார்த்தோம். புருஷன் கடனுக்கு மனைவி சொந்தக் கைக்காசைக் கொடுக்க வேண்டியதில்லை, அவர் விட்டுப்போன சொத்து எவ்வளவு கைக்கு வந்ததோ அந்த அளவுக்குத்தான் பொறுப்பு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 50, 52 பிரிவுகளைப் பாருங்கள் என்றார். வீடு ஆச்சியின் அப்பச்சி, அதாவது அப்பா, எழுதிக்கொடுத்தது. தான செட்டில்மென்ட் பத்திரத்தை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள், ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தாலும் ஆச்சி பெயர் தெளிவாக இருக்கிறது. அதில் கைவைக்க முடியாது. பென்ஷனையும் ஜப்தி செய்ய முடியாது, 1871ஆம் வருஷத்து ஓய்வூதியச் சட்டமே 11ஆம் பிரிவில் தடுக்கிறது.

இடிப்பது கிராஜுவிட்டிதான், அதாவது பணிக்கொடை. அரசுக்கு வரவேண்டிய பாக்கியை அதில் பிடிக்க விதியில் இடம் இருக்கிறது. ஆனால் பாக்கி என்று யார் முடிவு செய்தது? அவரிடம் ஒரு மெமோ கொடுத்து விளக்கம் கேட்டார்களா? ஊழியர் இறந்துவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை அதோடு முடிந்தது, பணத்தை மட்டும் விசாரிக்காமலே மனைவியிடம் கேட்பது என்ன நியாயம்?

ஜூன் 15, ஞாயிறு

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று படித்தேன். அங்கே அரசுப் பணத்தை வைத்திருந்தவரிடமிருந்து அது திருட்டே போனாலும் அவர்தான் பொறுப்பு என்று 1845இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் போஸ்ட்மாஸ்டர், ராணுவச் சம்பளப் பட்டுவாடா அதிகாரி எல்லாம் அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு மனுப் போடுவார்கள். நியாயம் என்று பட்டால் அந்த ஒரு ஆள் பெயரிலேயே நிவாரணச் சட்டம் போட்டுக் கணக்கைத் தீர்ப்பார்கள். இறந்துபோயிருந்தால் மனைவி மனுப் போடலாம். ஒரு விதவைக்காக ஒரு சட்டம்! நம்மிடம் அந்த வழக்கம் இல்லை, ஆனால் அரசாணை போட்டுத் தள்ளுபடி செய்ய முடியும், சட்டமன்றத்தில் மனுக்கள் குழுவும் இருக்கிறது.

என்னைக் கேட்டால், விசாரணை முடியுமுன் இறந்தவர் கணக்கைக் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். ஆபீஸுக்கு ஆபீஸ் ஒருவர் மனசைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?

ஜூன் 23, திங்கள்

சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள் மனுக் கொடுத்தோம். அப்புறம் நோட்டீஸுக்கு வக்கீல் மூலம் பதில், மனுக்கள் குழுவுக்குத் தனி மனு. தணிக்கைக் குறிப்பு, கேஷ் புக் நகல் இரண்டையும் கேட்டிருக்கிறோம். கையெழுத்துப் போடுமுன் ஆச்சி மனுவை முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். "பணத்தைப் பத்தியே இருக்கே. அவுக எடுக்கலைன்னு எங்கேயும் இல்லையே?" அதை முதல் பத்தியாகச் சேர்த்து மறுபடி டைப் செய்து அனுப்பினோம்.