கீழே விழுந்த கியர் சைக்கிள்: முதலில் ஹேங்கர், அப்புறம்தான் ஸ்குரு

வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் டிப்பர் சிந்திவிட்டுப் போன மணலில் சறுக்கி, சைக்கிள் வலப்பக்கமாக விழுந்தது. அலுமினிய ஃபிரேம், 700சி வீல், பின்னால் 8 பல்சக்கரம். தூக்கி நிறுத்தி மிதித்துப் பார்த்தால் சின்னப் பல்சக்கரங்களில் செயின் அமைதியாக ஓடுகிறது. பெரியவற்றுக்கு ஏற ஏற டிக் டிக் சத்தம். கடைசிப் பெரிய சக்கரத்தில், செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் டீரெய்லரின் கூண்டு (இரண்டு குட்டிப் புல்லிகளைத் தாங்கும் தகடு) ஸ்போக்ஸை உரசுகிறது.

இந்த நிலையில் கை தானாக ஸ்குருடிரைவரைத் தேடும். தேடக் கூடாது. விழுந்த வேகத்தில் டீரெய்லரின் எந்த ஸ்குருவும் தானாகத் திரும்பிவிடாது; நேற்று வரை சரியாக இருந்த அளவு இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. மாறியிருப்பது உலோகத்தின் வடிவம். அதை விட்டுவிட்டு ஸ்குருவைத் திருகினால் கோணல் அப்படியே இருக்கும், நல்ல செட்டிங்கும் போய்விடும்.

கேபிள் இழுவையில் குறை என்றால் எல்லாக் கியரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தொந்தரவு தரும். பாதிக் கியர் சரி, மீதி தப்பு என்றால் சந்தேகம் ஹேங்கர் மேல்தான். ஃபிரேமின் பின்முனையில், டீரெய்லரைத் தாங்குகிற சின்ன அலுமினியத் துண்டு அது. ஃபிரேம் பிழைக்கட்டும் என்று தான் வளைவதற்காகவே மெத்தென்று செய்யப்பட்டது. 8 ஸ்பீடு ஷிமானோ கேசட்டில் (பின் பல்சக்கர அடுக்கு) ஒரு பல்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 4.8 மி.மீ.தான். அதில் 1 மி.மீ. தப்பினாலே செயின் பக்கத்துச் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுச் சத்தம் போடும்.

முதல் வேலை, பின் வீலைத் தளர்த்தி, ஆக்சில் இரண்டு பக்கமும் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி முடுக்குவது. அடுத்து வீலைச் சுற்றிவிட்டு ரிம் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடினால் பெண்டு எடுத்த பிறகுதான் மற்றது. கோணல் ரிம்மை வைத்து ஹேங்கரை அளந்தால் கணக்கு பொய்யாகும். பிறகு சைக்கிளுக்கு நேர் பின்னால் குந்தி உட்கார்ந்து, மேல் புல்லியையும் கீழ்ப் புல்லியையும் பல்சக்கரத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டு புல்லியும் பல்சக்கரத்துக்கு இணையாக ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். இங்கே கீழ்ப் புல்லி ஸ்போக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது.

ஹேங்கர் அளக்கும் கேஜ் எல்லாக் கடையிலும் இருக்காது. அதற்குப் பதில் இன்னொரு சைக்கிளின் பின் வீல் போதும். ஹேங்கர் ஓட்டையின் மரை 10 மி.மீ., 1 மி.மீ. பிட்ச் (புரிக்குப் புரி தூரம்), குவிக் ரிலீஸ் (நெம்பை மடக்கிப் பூட்டும்) பின் வீல்களின் ஆக்சில் மரையும் அதுவே. பழைய கம்பி பிரேக் சைக்கிளின் ஆக்சில் அங்குல மரை. தளர்வாக ஏறி ஆடி ஏமாற்றும், அதைத் தொட வேண்டாம்.

5 மி.மீ. ஆலன் கீயால் டீரெய்லரைக் கழற்றி, செயினோடு தொங்கவிட்டு, கடன் வாங்கிய வீலின் ஆக்சிலை வெளிப்பக்கமிருந்து ஹேங்கருக்குள் கையாலேயே திருகி ஏற்றினோம். பெடல் கிராங்கை முன்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ரிம்மில் இடிக்கும். இப்போது இரண்டு வீலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நான்கு இடத்தில் ரிம்முக்கும் ரிம்முக்கும் இடைவெளி: மேலே 123 மி.மீ., கீழே 109, முன்னால் 118, பின்னால் 114. ஒவ்வொரு இடத்தில் அளக்கும்போதும் இரண்டு வீலின் வால்வு ஓட்டையையும் அதே இடத்துக்குச் சுற்றிக்கொண்டு வந்து அளந்தால், ரிம்மில் மிச்சமிருக்கும் சிறு ஆட்டம் கணக்கில் சேராது.

மேலும் கீழும் 14 மி.மீ. வித்தியாசம், ஹேங்கரின் அடி உள்ளே வளைந்திருக்கிறது. முன்னும் பின்னும் 4 மி.மீ.; கொஞ்சம் முறுக்கமும் உண்டு. எல்லா இடத்திலும் வித்தியாசம் 4 மி.மீ.க்குள் வந்தால் போதும்.

நிமிர்த்துவதற்குப் பலம் வேண்டாம், பொறுமை வேண்டும். ரிம்மே நீள நெம்புகோல் என்பதால் ரிம்மின் அடியைப் பிடித்து வெளிப்பக்கம் மெல்ல இழுத்தாலே அலுமினியம் இணங்கும். விட்டதும் கொஞ்சம் திரும்பி வரும், அதனால் ஒரு நூல் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். இழுப்பது, விடுவது, அளப்பது என்று நாலைந்து தடவை. ஆனால் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி வளைக்காதீர்கள். அலுமினியம் களைத்து விரிசல் விடும். மரைக்குப் பக்கத்தில் முடி போல ஒரு கோடு தெரிந்தாலோ, ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தாலோ புது ஹேங்கர்தான். கடைசியில் மேலே 117, கீழே 115, முன்னும் பின்னும் 116.

விலை குறைந்த கியர் சைக்கிள்களில் கழற்றும் ஹேங்கர் இருக்காது. டீரெய்லரோடு சேர்ந்த இரும்புத் தகடு ஆக்சில் நட்டுக்கு அடியில் மாட்டியிருக்கும். விழுந்தால் அந்தத் தகடு இடம் நகர்ந்துவிடும். நட்டைத் தளர்த்தி அதை ஒழுங்காகப் பள்ளத்தில் உட்கார வைத்தாலே பாதி வேலை முடியும்.

டீரெய்லரை மாட்டியபின் இரண்டு புல்லியும் இன்னும் கோணலாகத் தெரிந்தால் கூண்டுத் தகடு வளைந்திருக்கிறது. இங்கே அது நேராக இருந்தது. ஆனால் கேபிளின் கடைசி வளைவில் அவுட்டர் (கேபிளின் மேலுறை) மடிந்து முனை பிதுங்கியிருந்தது; உள்ளே கேபிள் சிக்கிச் சிக்கி நகர்ந்ததற்கு அதுதான் காரணம். 4 மி.மீ. கியர் அவுட்டரைப் பழைய நீளத்துக்கே வெட்டி, நசுங்கிய வாயை ஊசியால் திறந்து, முனைத் தொப்பி போட்டு மாட்டினோம்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தாமல், வேப்பமரக் கிளையில் கயிறு போட்டு சீட்டைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தோம். எச் ஸ்குருவை (டீரெய்லர் சின்னப் பல்சக்கரத்தைத் தாண்டி வெளியே போகாமல் தடுப்பது) தொடத் தேவைப்படவில்லை: மிகச் சின்னப் பல்சக்கரத்தின் வெளி ஓரத்துக்கு நேர் கீழே மேல் புல்லி நின்றது. பெரிய சக்கரத்துக்கும் மேல் புல்லிக்கும் இடையே 5, 6 மி.மீ. இடைவெளி இருந்தது. கேபிளை மட்டும் பேரல் அட்ஜஸ்டரில் (கேபிளின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு) அரைச் சுற்று வெளியே திருகினோம். ஒரு கிளிக்குக்கு ஒரு பல்சக்கரம் வந்துவிட்டது.

எல் ஸ்குருவை (டீரெய்லர் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸுக்குள் போகாமல் தடுப்பது) மட்டும் கட்டாயம் சோதியுங்கள். பெரிய சக்கரத்தில் செயின் இருக்கும்போது டீரெய்லரைக் கையால் ஸ்போக்ஸ் பக்கம் தள்ளுங்கள். செயின் தாண்டி விழக் கூடாது, கூண்டு ஸ்போக்ஸைத் தொடக் கூடாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் கடைசிக் கியரில் நின்று மிதிக்கும்போது கூண்டு ஸ்போக்ஸில் மாட்டினால் டீரெய்லர், ஹேங்கர், வீல் மூன்றும் ஒரே நொடியில் போய்விடும். மரத்தில் தொங்கும்போது சரியாக இருப்பது பாரத்தில் மாறலாம் என்பதால், முதல் ஓட்டத்தைக் காட்பாடி ரயில்வே மேம்பால ஏற்றத்தில் வைத்துக்கொண்டோம். எட்டுக் கியரும் சத்தமில்லாமல் ஏறி இறங்கின.

ஒரு தடவை வளைந்து நிமிர்ந்த ஹேங்கர் அடுத்த விழுதலில் முறிய வாய்ப்பு அதிகம். புதிது வாங்க 'ஹேங்கர்' என்று கேட்டால் போதாது. ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் வேறு. பழையதைக் கழற்றி வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, போல்ட் ஓட்டைகளின் இடைவெளியையும் குறித்துக்கொண்டு, அதோடு பொருத்திப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதைச் சீட்டுப் பையில், அதற்குரிய போல்ட்டோடு சேர்த்துப் போட்டு வையுங்கள்.