நாகர்கோவில் கடைவீதியில் உட்கார இடம் வேண்டும்

அம்மா, அக்காவோடு நாகர்கோவிலில் துணி எடுத்துவிட்டு நேற்று ராத்திரிதான் வீடு திரும்பினோம். கோபம் இன்னும் அடங்கவில்லை. மீனாட்சிபுரம் அண்ணா பஸ் ஸ்டாண்டில் இறங்கி மணிமேடை வரை நடந்தே கடை பார்ப்போம் என்று கிளம்பினோம். தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக பைக்குகள். அதைத் தாண்டினால் கடைக்காரர் வெளியே இழுத்துப் போட்ட நைட்டி ஸ்டாண்ட். சரி என்று ரோட்டில் இறங்கினால் பின்னாலேயே ஹாரன். அம்மாவுக்கு மூட்டுவலி. அந்தத் தெரு முழுக்க உட்கார ஒரு பெஞ்ச்கூட என் கண்ணில் படவில்லை.

கடைசியில் ஒரு செருப்புக் கடையில் ஏறி, செருப்பு போட்டுப் பார்க்கிற ஸ்டூலில் அம்மாவை உட்கார வைத்தேன். "இருக்கட்டும் மக்களே, அம்மா கொஞ்சம் இளைப்பாறட்டும்" என்று சொல்லி ஃபேனைத் திருப்பி வைத்தார் கடைக்கார அக்கா. கால் மணி நேரத்தில் அம்மா ஒரு ஜோடி செருப்பு வாங்கிவிட்டார்! பட்ஜெட்டில் இல்லாத 350 ரூபாய். எனக்கு வருத்தமே இல்லை.

அங்கிருந்து சுசீந்திரத்துக்கு ஆட்டோ கேட்டால் வாய் கூசாமல் 400 ரூபாய் என்றார் ஆட்டோக்காரர். ஏழு கிலோமீட்டர்கூட வராது. டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கும் என் அக்காவுக்கும் டிக்கெட்டே கிடையாது, எனக்கு மட்டும் சில்லறை. பஸ்ஸிலேயே போனோம்.

சுசீந்திரத்தில் இறங்கியதுமே மூச்சு விட முடிந்தது. மார்கழித் தேர் வளைந்து திரும்ப அகலம் விட்ட தெருக்கள். தாணுமாலயன் கோவில் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்தோம். தண்ணீருக்கு நடுவே கல்மண்டபம், முகத்தில் காற்று. சூடான ரசவடையும் டீயும் வாங்கி அங்கேயே வைத்துச் சாப்பிட்டோம். வடை ரசத்தில் ஊறி, ஓரம் மட்டும் மொறுமொறுப்பு மிச்சமிருந்த பதம், அடடா! அப்புறம் ஒரு சீப்பு மட்டிப்பழம், ஏத்தங்காய் சிப்ஸ். உட்கார்ந்ததால்தான் இத்தனையும் வாங்கினோம்.

நடைபாதையை அகலமாக்கினால் பார்க்கிங் போய்விடும், வியாபாரம் படுத்துவிடும் என்று வியாபாரிகள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் தியாகராய சாலை நடைபாதையை அகலப்படுத்தி, உட்கார இடமும் போட்டார்கள். வண்டிகளும் ஓடுகின்றன, கூட்டமும் வருகிறது. நாகர்கோவில் மாநகராட்சி மணிமேடையிலிருந்து வேப்பமூடு வரையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் மட்டும் வண்டிகளை நிறுத்தி ஆரம்பித்தால்கூடப் போதும். நிழலுக்கு வேம்பு, பத்தடிக்கு ஒரு கல்பெஞ்ச், குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை. பெண்களுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் ரொம்ப முக்கியம், பேசத்தான் ஆளில்லை.

எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கு: அண்ணா பஸ் ஸ்டாண்டிலிருந்து கன்னியாகுமரி போகும் டவுன் பஸ் சுசீந்திரம் வழிதான். வயதானவர்கள் கூட வந்தால் காலையிலேயே கடை வேலையை முடித்துவிடுங்கள். ஆட்டோவில் ஏறும் முன்பே ரேட் பேசிவிடுங்கள்.