மலைக்கு இந்தப் பக்கம்

ஜனவரி 6
கேரளாவில் நெய்யாறு அணைப் பக்கத்து யோகா ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. அக்கா இன்னும் கூப்பிடவில்லை.

ஜனவரி 7
விடியுமுன் மணி. ஆறு மணிக்குத் தியானம், பஜனை. காலைச் சாப்பாடு பத்து மணிக்கு, அப்புறம் மாலையில்தான். வெங்காயம், பூண்டு, காபி கிடையாது. தலை விண்விண்ணென்று தெறிக்கிறது.

ஜனவரி 8
பொழுது போகாத பணக்காரர்களும் வெள்ளைக்காரர்களும்தான் இங்கெல்லாம் போவார்கள் என்று ஊரில் சொல்வார்கள். காய் நறுக்க உட்கார்ந்தால் அந்தப் பேச்சு எவ்வளவு தப்பு என்று தெரிகிறது. பக்கத்தில் பெங்களூரு ஐடி பையன். மாத்திரை போடாமல் தூங்கி எத்தனையோ மாதமாம். எதிரே பிரான்ஸ் நர்ஸ். கொரோனா வார்டுக்குப் பிறகு வேலைக்கே திரும்பவில்லை. நாகர்கோவில் டீச்சர் ரிட்டயரான கையோடு வந்திருக்கிறார். பையன் பூசணியைக் கண்டபடி வெட்ட, டீச்சர் அவன் மணிக்கட்டைப் பிடித்து, கத்தியைச் சாய்த்து, துண்டு துண்டாகப் போடவைத்தார். அவன் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. டீச்சர் விடவில்லை.

மஞ்சள் பனியன் போட்ட யோகா ஆசிரியர் பயிற்சிக்காரர்கள் வேறு ரகம். அடுத்து என்ன என்று தெரிந்தவர்கள். பொறாமையாக இருக்கிறது.

ஜனவரி 9
அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லையாம்.

ஜனவரி 11
சிரசாசனத்தில் நிற்பவனைப் படம் எடுக்க, தோழி ஓடி ஓடிக் கோணம் பார்க்கிறாள். எரிச்சலாக வந்தது. சவாசனத்தில் அதே பெண் சத்தமில்லாமல் அழுதாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜனவரி 12
இந்த ஆசிரமத்தை நிறுவிய விஷ்ணுதேவானந்தரின் குரு சிவானந்தர் எங்கள் பத்தமடைக்காரர். 1887-இல் பிறந்தவர். மலேயாவில் டாக்டராக இருந்து, 1923-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். நர்ஸிடம் சொன்னேன். "டாக்டரா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அகத்தியர் மலை இங்கிருந்து தெரிகிறது. அதற்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரம். அம்மா அங்கே. "நீ இருந்து என்ன செய்யப்போறே, போய்ட்டு வா" என்று அம்மாதான் அனுப்பினாள். ஏன் அனுப்பினாள்? என் முகத்தைப் பார்க்க முடியவில்லையா? மூச்சை அடக்கி எண்ணச் சொல்கிறார்கள், எனக்கு ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கும் என்றே ஓடுகிறது. நர்ஸ் "சரியாகிவிடும்" என்று சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதித் தந்தாள். இங்கே எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய உதவி அதுதான்.

ஜனவரி 13
அக்கா பேசினாள். காலையில் காட்டாக்கடை போய், நாகர்கோவில் பஸ் பிடிக்கவேண்டும். டீச்சரும் கூட வருகிறேன் என்கிறார்.