ஆயிரம் பக்க அன்ரனாப் புத்தகத்தை எடைபோட்ட கதை

போன வருடம் எங்கள் பிரிவுக்கு ஒரு புத்தகம் வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அன்ரனாப் பொறியியல் பற்றிய மேல்நிலைப் பாடநூல், ஆயிரம் பக்கத்துக்கு மேல். விலையைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். பார்வைக்கென்று ஒரு பிரதி இரவலாக வந்திருந்தது. இறுதியாண்டு மாணவருக்கு இதை வைக்கலாமா, எத்தனை பிரதி எடுக்கலாம் என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள்.

முதல் அறிக்கையை ஒரே மாலையில் முடித்தேன். பொருளடக்கத்தைப் புரட்டி, முன்னுரையை வாசித்து, கடைசி அத்தியாயத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு "விரிவானது, ஆழமானது, பரிந்துரைக்கத்தக்கது" என்று எழுதிக் கொடுத்தேன். பிரிவுத் தலைவர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"நீர் இதை வாசிச்சனீரோ?"

என்னிடம் பதில் இல்லை. அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புத்தகத்தைச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொக்குவிலில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஆயிரம் பக்கத்தை ஒன்றிலிருந்து வாசித்து மதிப்பிட முடியாது. ஏற்கெனவே விடை தெரிந்த இடங்களில் கையை வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முதலில் அரை அலைநீள டைபோல், நடுவில் ஊட்டுகிற நேரான கம்பி அன்ரனா. அதன் இம்பீடன்ஸில், அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பில், தடைப் பகுதி 73 ஓம், அதோடு 42.5 ஓம் தூண்டல் பகுதி. வகுப்பில் "எழுபத்துமூன்று ஓம்" என்று சொன்னால் பின்வாங்கிலிருந்து ஒருத்தன் "ஓம் சேர்" என்பான். எங்கள் பேச்சில் "ஓம்" என்றால் "ஆம்"; யாழ்ப்பாணத்தில் இந்தப் பாடம் நடத்துகிறவர்களுக்கு அது பழகிய பகிடி. சரி, புத்தகம் இந்த எண்ணை எப்படிக் கொண்டுவருகிறது? ஒரு படியையும் விழுங்காமல், தொகையீட்டை விரித்து, எந்த இடத்தில் அண்ணளவாக்கம் செய்கிறது என்பதையும் சொல்லி. நான் ஒக்டேவ் என்கிற கணிப்பு மென்பொருளில் அதே தொகையீட்டைப் போட்டேன். 73.1 வந்தது. பிறகு, உண்மையான கம்பிக்குத் தடிப்பு இருப்பதால் அந்தத் தூண்டல் பகுதி இல்லாமற் போக நீளத்தை 0.47 அலைநீளத்துக்குக் கிட்டக் குறைக்க வேண்டும் என்று அடுத்த பக்கத்திலேயே சொல்லியிருந்தது. அந்த ஒரு வரியில் எனக்குப் புத்தகத்தின் மேல் மரியாதை வந்தது. பல நூல்கள் 73 என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடும்.

அடுத்தது யாகி-உடா, ஒரு தண்டில் பல கம்பிகளைக் குறுக்கே பூட்டிய பழைய ரி.வி. அன்ரனா வகை. இந்தக் குடும்பத்தில் பிறந்த எனக்கு வேறு எது?

அப்பா எண்பதுகளில் ரி.வி. அன்ரனா பூட்டித் திரிந்தவர். இலங்கை அரசின் ரூபவாகினி 1982இல் தொடங்கியது. ஆனாலும் பல வீடுகளில் அன்ரனா மேற்கே பார்த்துத்தான் நின்றது, கடலுக்கு அப்பால் கொடைக்கானல் கோபுரத்திலிருந்து வரும் தூரதர்சனுக்காக. நேர்கோட்டில் முந்நூறு கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட. இரும்புப் பைப்பை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, இழுவைக் கம்பி கட்டி, உச்சியில் பூஸ்டர் வைத்து, கீழே நின்று ஒருத்தர் "இப்ப தெரியுது, ஆட்டாதை" என்று கத்த வேண்டும். அப்பாவுக்குச் சமன்பாடு ஒன்றும் தெரியாது. ஆனால் பின்கம்பி எவ்வளவு, முன்கம்பி எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் கை விரலில் இருந்தது.

புத்தகத்தின் யாகி அத்தியாயத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. அமெரிக்கத் தேசிய நியமங்கள் பணியகம் அளந்து, 1976இல் தொழில்நுட்பக் குறிப்பாக வெளியிட்டது. நடுவில் டைபோல், அதற்குப் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என்று மூன்று கம்பி அன்ரனாவுக்கு: பின்கம்பி 0.482 அலைநீளம், முன்கம்பி 0.442, இடைவெளி 0.2, கம்பியின் விட்டம் 0.0085. நான் 200 மெகாஹேர்ட்ஸை எடுத்துக்கொண்டேன். அலைநீளம் ஒன்றரை மீற்றர். பின்கம்பி 72.3 சென்ரிமீற்றர், முன்கம்பி 66.3, இடைவெளி 30. விட்டம் 12.75 மில்லிமீற்றர், அதாவது கடையில் கிடைக்கும் அரை இஞ்சிக் குழாய். அலுமினியம் வாங்கி வந்து முற்றத்தில் போட்டேன். அப்பா எண்களைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "பரவாயில்லை. தண்டு என்ன?"

ஒரு இஞ்சி அலுமினியத் தண்டு என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நனோ வீ.என்.ஏ. என்கிற கைக்கடக்கமான கருவி, ஒரு முனையிலிருந்து மற்றதுக்கு எந்த அலைவெண்ணில் எவ்வளவு அலை போய்ச் சேர்கிறது என்று காட்டும். அதன் இரண்டு முனைக்கும் கேபிள் போட்டேன். ஒரு முனையில் எங்கள் யாகி, மற்றதில் முற்றத்தின் அடுத்த மூலையில் நட்ட சின்ன டைபோல். உச்சம் 200இல் வரவேண்டும். வந்தது 205க்குப் பக்கத்தில். வாழை மரமும் கிணற்றடித் தகரமும் அலையைத் தெறிக்கவைக்கும் என்று தெரியும். இடத்தை மாற்றி மாற்றி அளந்தேன். 205தான்.

அப்பா பனஞ்சலாகை ஒன்றைக் கொண்டுவந்து, அலுமினியத் தண்டைக் கழற்றிவிட்டு அதில் கம்பிகளைக் கட்டச் சொன்னார். உச்சம் 200க்குக் கிட்ட இறங்கியது. "உலோகத் தண்டெண்டா கம்பியைக் கொஞ்சம் கூட்டி வெட்ட வேணும் பிள்ளை. உது புத்தகத்திலை இல்லையோ?"

இருந்தது. அட்டவணையிலிருந்து ஆறு பக்கம் தள்ளி. அந்த அளவுகள் உலோகமல்லாத தண்டில் எடுத்தவை, உலோகத் தண்டு கம்பியின் நடுவால் போனால் இவ்வளவு நீட்ட வேண்டும் என்று வரைபடமே போட்டிருந்தது. ஆனால் இடையில் வந்த செய்துகாட்டிய கணக்கு அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. மாணவர் எவரும் கணக்கைப் பார்த்துத்தான் வெட்டுவார், ஆறு பக்கம் தள்ளிப் போய்ப் பார்க்கமாட்டார். நானே பார்க்கவில்லையே.

இன்னொரு இடமும் உறுத்தியது. இரண்டு கம்பியை நுனிகளில் சேர்த்த மடித்த டைபோலை ஒரு அத்தியாயத்தில் அழகாக விளக்குகிறது: மின்னோட்டம் இரண்டு கிளையிலும் பாதி பாதியாகப் போவதால், அதே வலுவுக்கு ஊட்டுமுனையில் பாதி மின்னோட்டம் போதும், அதனால் இம்பீடன்ஸ் நான்கு மடங்கு, 73 கிட்டத்தட்ட 292 ஆகிறது. பழைய 300 ஓம் பட்டை வயருக்கு அது பொருந்தியது அதனால்தான். யாகி வருவது வேறொரு அத்தியாயத்தில். பக்கத்தில் கம்பிகள் வந்தால் டைபோலின் இம்பீடன்ஸ் விழுந்துவிடும், அதைத் தூக்கி நிறுத்தத்தான் ரி.வி. அன்ரனாவில் மடித்த டைபோல் வைக்கிறார்கள் என்ற விஷயம் இரண்டு அத்தியாயத்திலும் இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு கதையாத ஆட்கள் போல.

ஆனால் கெயினில், அதாவது ஒரு திசையில் அன்ரனா எவ்வளவு கூட வீசுகிறது என்பதில், புத்தகம் நேர்மையானது. அட்டவணையின் தலைப்பிலேயே மூன்று கம்பி அன்ரனாவின் 7.1 டெசிபெல் அரை அலை டைபோலோடு ஒப்பிட்டது என்று போட்டிருக்கிறது. எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை அன்ரனாவோடு ஒப்பிட்டால் 2.15ஐக் கூட்டி 9.25 என்று எழுத வேண்டும். கடைப் பெட்டிகளில் வெறும் டெசிபெல் மட்டும் இருக்கும், எதோடு ஒப்பிட்டது என்று இராது. இதைப் படித்த மாணவன் பெட்டியைப் பார்த்துக் கேள்வி கேட்பான்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே பார்த்தேன். கம்பியைத் துண்டு துண்டாக்கி மின்னோட்டத்தைக் கணிக்கும் முறை, 1897இன் பொக்லிங்ரன் சமன்பாட்டில் தொடங்கும் அந்த அத்தியாயம், மூன்று இரவைத் தின்றது. நான் வாசித்ததிலேயே மிகத் தெளிவான விளக்கம் அதுதான். நிரல்கள் மற்லாப் என்கிற மென்பொருளில் எழுதியவை. ஒக்டேவில் ஒன்று மட்டும் ஓட மறுத்தது, ஒரு வரி மாற்றியதும் ஓடியது. அளவீட்டு அத்தியாயம் முழுக்க, அலை எங்கும் தெறிக்காத எதிரொலியில்லா அறை. எங்களிடம் இருப்பது முற்றம்.

இரண்டாவது அறிக்கை நான்கு பக்கமாகிவிட்டது. கற்பிக்கிறவருக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கும் கட்டாயம் வேண்டும், இறுதியாண்டு வகுப்புக்கு இதை மட்டும் நம்பக்கூடாது, யாகி அத்தியாயத்துக்கு நாங்களே இரண்டு பக்கக் குறிப்பு எழுதிச் சேர்க்க வேண்டும் என்று எழுதினேன். 205இன் வரைபடத்தையும் பனஞ்சலாகையின் வரைபடத்தையும் பின்னால் இணைத்தேன். தலைவர் வரைபடங்களைத்தான் முதலில் பார்த்தார். "இதென்ன, சலாகையோ?" என்று கேட்டுவிட்டு அறிக்கையில் ஒப்பம் வைத்தார்.

ஒரு பிரதிக்கு அனுமதி வந்திருக்கிறது. இரண்டாவது பிரதிக்கான காசில் அரை இஞ்சிக் குழாயும் இன்னும் இரண்டு நனோ வீ.என்.ஏ.யும் வாங்கலாமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.